தையல்நாயகி திட்டிய சிலைகள்

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கருக்களாச்சேரி வளைவில் நின்றுகொண்டிருந்த சிமென்ட் இறால் குரும்பகரத்தில் சிவநாதன் வீட்டுக் கொல்லை வயலில் வந்து நின்றது. மூன்றாள் உயரம், ஒரு மினி பஸ் நீளம், மீசை தனி. வயலில் உளுந்து காய் பிடித்திருந்தது; இறால் கால் வைத்து வந்த வழியெல்லாம் செடி படுத்துக் கிடந்தது. அழைப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்துவிட்டவர் பந்தியில் உட்காரலாமா என்று யோசிப்பதுபோல, அது சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி சற்று ஒதுங்கி நின்றது. அதே காலையில் எதிர்வீட்டுக் குஞ்சம்மாவின் ஆடு இரண்டு குட்டி போட்டது. பால் சொசைட்டியில் மின்சாரம் நின்றுபோனது. மதியத்துக்குள் மூன்று செய்தியும் ஊர் முழுக்கப் பரவிவிட்டன. முதலில் கூட்டம் போனது ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கத்தான்.

அந்த இறாலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரைக்கால் கடலோரச் சாலையை உலகத் தரத்துக்கு உயர்த்துவதென்று முடிவாகி, அதற்கென்று அழகுபடுத்தும் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டு, அந்தப் பிரிவு உலகத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சிமென்டில் செய்து சாலையோரம் நிறுத்தியது. கருக்களாச்சேரியில் இறால். அரசலாற்றுப் பாலத்தருகே குடத்தைச் சாய்த்தபடி ஒரு பெண். குடத்திலிருந்து தண்ணீர் கொட்டும் என்பது திட்டம். திறப்பு விழாவன்று கொட்டவும் செய்தது. விழாவுக்கு வந்த கார்கள் திரும்பிப் போவதற்குள் நின்றுவிட்டது. திருமலைராயன்பட்டினம் போகிற வழியில் முச்சந்தியில் ஜோடி மாட்டோடு ஓர் உழவர். கடற்கரையில் கண்ணிமை முடி வைத்த டால்பின். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பளிங்குப் பலகை. அதில் திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று ஒரு கிராமமே குடியிருந்தது. செய்தவன் பெயர் மட்டும் இல்லை. அது அவன் செய்த புண்ணியம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வார விடுமுறையில் மலிவாகக் குடிக்க வருகிறவர்கள், வழியில் வண்டியை நிறுத்தி இந்தச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு வந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சிலர் இறாலின் காலைக் கட்டிப்பிடித்தார்கள், சிலர் அதன் முதுகில் பெயர் எழுதினார்கள். கையை நீட்டித் தன்னைத் தானே படம் எடுக்க வேண்டுமென்றால் இறாலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். ஆகவே நான்கைந்து வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க வந்தும், ஒருவர்கூட அந்த இறாலைப் பார்த்ததில்லை.

சிவநாதன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருபத்துமூன்று வருஷம் வெல்டிங் மேற்பார்வை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பிய சில மாதங்களிலேயே, ஊரில் தனக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை என்று கண்டுகொண்டார். வயலை மனைவி தையல்நாயகி பார்த்துக்கொண்டாள். மகள் பிரதீபா கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். தாயார் இறந்து வருஷங்களாகிவிட்டன. மீசைக்கு மை அடிப்பது, கைப்பேசி பார்ப்பது என்று இரண்டு வேலைகளை அவரே ஏற்படுத்திக்கொண்டார். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, உலகத்திலேயே பெரிய தக்காளிச் சிலையையும் உலகத்திலேயே பெரிய நாற்காலியையும் தேடிக் கார் ஓட்டிப் போவதைப் பார்த்ததும், தான் பிறந்ததே இதற்குத்தான் என்று முடிவுசெய்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிப் பின் கண்ணாடியில் ‘ரோடு ட்ரிப்’ என்று ஒட்டினார். வெள்ளைக்காரர்கள் கண்டம் விட்டுக் கண்டம் போனார்கள். காரைக்காலில் ஒரு முனையில் வண்டியைக் கிளப்பி நான்காவது கியர் விழுவதற்குள் மறுமுனை வந்து, தமிழ்நாடு உங்களை அன்புடன் வரவேற்கிறது என்று பலகை தெரிந்துவிடும். அதனால் சிவநாதன் அதே சிலைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

தையல்நாயகியும் கூடப் போனாள். புருஷன் கூப்பிட்டால் போவது, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது, சிரிக்கச் சொன்னால் உதட்டைக் கொஞ்சம் விரிப்பது. ஊரில் அவளைச் சாது என்பார்கள். அவர் சிங்கப்பூரில் இருந்த காலம் முழுக்க வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவார், எப்படி இருக்கீங்க என்று கேட்பார், நல்லாருக்கோம் என்பாள். புயலில் கூரை போன வாரமும் நல்லாருக்கோம். மாமியார் படுக்கையில் விழுந்து புண் வைத்துக் கிடந்த இரண்டு வருஷமும் நல்லாருக்கோம். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போது எதற்காக ஓடி வரவேண்டும் என்பது அவருடைய நியாயம். அதில் பிழை சொல்ல முடியாது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இறால் வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயிலில் சிவநாதன் அவளை இறாலின் காலடியில் நிறுத்தி, அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் சூடு தாங்காமல் கையை எடுத்துக்கொண்டு, எதைக் கட்டிப்பிடிக்கச் சொல்கிறார் என்று அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதனிடமே பேசினாள்.

“ஏய்யா, ஒனக்கு வெக்கமா இல்ல? உசுரோட இருக்குற எறாலு எங்கய்யா செவப்பா இருக்கும்? ஒன்ன வேக வச்சுல்ல நிக்க வச்சிருக்கானுவ! காலு என்ன, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் நாலு? மீசையப் பாரு, கரும்பு நட்ட மாரி. எங்க வாய்க்கால்ல கெடக்குற கூனி எறாலுகூட ஒன்னவிட லச்சணமா இருக்கும்.”

“தையலு, கேமராவப் பாரு,” என்றார் சிவநாதன்.

“நீங்க செத்த சும்மா இருங்க. நான் அதப் பாத்துக்கிட்டுல்ல இருக்கேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படி அடக்கியதில்லை. அவர் கைப்பேசியைத் தாழ்த்திக்கொண்டார். அதோடு நிற்கவில்லை, தொண்டையில் ஏதோ திறந்துகொண்டதுபோல அவள் அன்று போகிற வழியெல்லாம் பேசினாள். முச்சந்தி உழவரிடம், செருப்பை மாட்டிக்கொண்டு எவன் சேற்றில் இறங்குவான், ஏர் ஓட்டுகிறாயா இல்லை மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறாயா என்று கேட்டாள். மாடு இரண்டுக்கும் நாய் மூஞ்சி என்றாள். பாலத்தருகே குடத்துப் பெண்ணின் கைகளைத் தன் கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டுமே எடது கையிடி ஒனக்கு. இத வச்சிக்கிட்டு கொடத்த எப்புடித் தூக்குவ, புள்ளைக்கி எப்புடிச் சோறூட்டுவ?” என்று உண்மையாகவே கவலைப்பட்டாள். கடற்கரையில் டால்பினிடம் அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. வீடு திரும்பிக் குழம்பைச் சூடு பண்ணும்போது மறுபடியும் சாதுவாகிவிட்டாள்.

திங்கட்கிழமை இறால் வந்தது. புதன்கிழமை குடத்துப் பெண் வந்து வரப்பில் நின்றாள். உழவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரவேண்டியிருந்ததால் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தார். டால்பினுக்குக் கால் இல்லாத காரணத்தால் அடுத்த வாரம் ஆயிற்று. அது வந்த பாதையில் நெடுங்காடு சாலையின் தார் ஒரு முழ அகலத்துக்கு வழவழப்பாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க இருசக்கர வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் மட்டும் ஓரமாகப் போனார்கள்.

தையல்நாயகிக்கு முதலில் உளுந்து போன வருத்தம்தான். ஆனால் வந்ததை விரட்ட அவளுக்குத் தெரியாது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கி, ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று பார்த்துக் குறை சொன்னாள். புதுசு புதுசாகக் குறை கிடைத்தது. அப்படிப் பத்துப் பதினைந்து நாள் சொல்லச் சொல்ல, இறாலின் செந்நிறம் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெளிறி, வலையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற கருஞ்சாம்பல் நிறம் ஏறியது. நாலு கால் இருந்த பக்கத்தில் ஐந்தாவது முளைவிட்டது. குடத்துப் பெண்ணின் ஒரு கையில் கட்டைவிரல் மெல்ல மறுபக்கத்தை நோக்கி நகரத் தொடங்கியது. உழவர் ஒருநாள் விடியும்போது செருப்புகளைக் கழற்றி வரப்பின் மேல் ஜோடியாக வைத்திருந்தார். தையல்நாயகி அவருடைய வெறுங்காலைக் குனிந்து பார்த்து, “பித்த வெடிப்பு ஒண்ணுகூட இல்ல. இதெல்லாம் ஒரு காலா?” என்றாள். மறுநாள் வெடித்திருந்தது.

ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்த முட்டாள்தனத்தைச் செய்தார்கள். குஞ்சம்மா இறாலின் காலடியில் சூடம் ஏற்றினாள். அதைப் பார்த்துவிட்டு நாலு பேர் மாவிளக்குப் போட்டார்கள். உழவர் தங்கள் சாதிக்காரர் என்று இரண்டு தெருக்காரர்கள் சொந்தம் கொண்டாடி, மாலை போடுவதில் தகராறு வந்தது. வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. வந்தவர்கள் அதிசயத்தைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு, அதிசயத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்று பல்லைக் காட்டினார்கள். ஒரு பெண்மணி, இறாலுக்கு ஒளி சரியாக விழவில்லை, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல முடியுமா என்று தையல்நாயகியிடம் கேட்டாள். சிவநாதனோ, மனைவி சிலைகளைத் திட்டுவதைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டப்போவதாகக் கிளம்பினார். கைப்பேசியை நீட்டி, “சொல்லு தையலு, எறாலப் பத்தி அன்னிக்குச் சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு,” என்று கெஞ்சினார். கைப்பேசி நீண்டதும் அவள் வாய் மூடிக்கொண்டது. உதட்டை மட்டும் கொஞ்சம் விரித்தாள். ஆறேழு நாள் முயன்றுவிட்டு அவர் விட்டுவிட்டார். ஆனால் ஜன்னல் வழியாக, தனக்கு வாய்க்காத அந்தப் பேச்சு முழுவதும் ஒரு வெந்த இறாலுக்கு வாய்ப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகுபடுத்தும் பிரிவு, சிலைகள் நிர்வாகக் காரணங்களால் தற்காலிகமாக இடம் மாறியிருக்கின்றன என்று அறிவித்தது. பிறகு திருமலைராயன்பட்டினத்து இக்பாலின் கிரேனை வாடகைக்கு அனுப்பியது. இக்பால் தொழில் தெரிந்தவர். இறாலைப் பதமாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கருக்களாச்சேரிப் பீடத்தில் வைத்தார். மறுநாள் அது வயலில் நின்றது. மறுபடி தூக்கினார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவர் கிரேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தையல்நாயகி கொடுத்த தண்ணீரைக் குடித்தபடி சொன்னார்: “அக்கா, நேத்து அத வச்சிட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருக்கேன். நடுவழியில என்னைய ஓவர்டேக் பண்ணிட்டுப் போவுது. ஹார்ன் அடிச்சா வழி வேற விடுது. யா அல்லா, இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?” அத்தோடு அவர் வேலையை விட்டுவிட்டார்.

சிலைகளைத் திருப்பி அனுப்பும் வழி தற்செயலாகத் தெரிந்தது. ஒருநாள் தையல்நாயகியின் நாத்தனார் ராஜம் மாயவரத்திலிருந்து வந்திருந்தாள். ராஜம் எதையும் பாராட்டுகிற ரகம். கொல்லைப் பக்கம் போய் டால்பினைப் பார்த்து, “எவ்ளோ அழகு, இல்ல அண்ணி?” என்று கேட்டாள். விருந்தாளியை எதிர்த்துப் பேச மனசில்லாமல் தையல்நாயகி, “ம்… நல்லாத்தான் இருக்கு,” என்றாள். மறுநாள் காலை டால்பின் கடற்கரையில் பழைய பீடத்தில் இருந்தது. அவள் சொல்லிச் சொல்லி உதிர்ந்திருந்த கண்ணிமை முடிகள் முன்னைவிட நீளமாக வளர்ந்திருந்தன.

இந்தச் செய்தி பிரிவுக்குப் போனதும் அதன் அதிகாரி நீலகண்டன் நேரில் வந்தார். சித்திரை கடைசியில் தில்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் கடலோரச் சாலையைப் பார்வையிட வருகிறார், அதற்குள் எல்லாம் பீடத்தில் இருந்தாக வேண்டும் என்றார். சட்டம், பொதுச் சொத்து என்று கொஞ்ச நேரம் பேசினார். தையல்நாயகி அவரைக் குடத்துப் பெண்ணிடம் அழைத்துப் போனாள்.

“சார், இத செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானா?”

“ஆமாங்கம்மா.”

“கையெழுத்துப் போடறப்ப இது கையப் பாத்தீங்களா?”

நீலகண்டன் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். “இது ரெண்டும் ஒரே கை மாதிரில்ல இருக்கு,” என்றார் கடைசியில். அதற்குள் கட்டைவிரல் பாதி நகர்ந்துவிட்டிருந்தது என்பதையும், முன்பு இதைவிட மோசம் என்பதையும் அவள் சொன்னாள். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சட்டத்தை விட்டுவிட்டு, சிலைகள் இல்லையென்றால் தன் வேலை போய்விடும் என்றும், வீட்டில் தன்னை நம்பி இருப்பவர்கள் யார் யார் என்றும் சாதாரணமாகச் சொன்னார். அவள் யோசிக்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் சிவநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றார். “பாவம் அந்த ஆளு. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிவுடேன். அதுங்கபாட்டுக்குப் போயிடும். ஒனக்கென்ன நட்டம்?”

தையல்நாயகி அரிவாள்மனையிலிருந்து நிமிரவில்லை. “நல்லாருக்குன்னு சொன்னா போயிடும்னு எனக்குத் தெரியாதா? ஒங்ககிட்ட இருபத்திமூணு வருசம் அதத்தான சொன்னேன்.”

சிவநாதன் வாசலுக்குப் போய், நன்றாக ஒட்டியிருந்த கார் ஸ்டிக்கரை இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் வயலில் இறங்கி, உழவரிடமும் மாடுகளிடமும் குடத்துப் பெண்ணிடமும் நல்லா இருக்கீங்க என்றாள். இறாலிடம் கடைசியாகச் சொன்னாள். பீடத்தில் நிற்கிறவர்களுக்குப் பாராட்டுரை வாசிக்கும் அதிகாரிகளின் குரல் போலவே இருந்தது அது. அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. விடிந்தபோது வயல் காலியாக இருந்தது. கருக்களாச்சேரியில் இறால் பெயின்ட் கடைச் சிவப்பில், ஒரு பக்கம் ஆறும் ஒரு பக்கம் நாலுமாக நின்றது. உழவர் செருப்புப் போட்டிருந்தார். குடத்துப் பெண்ணுக்கு இரண்டும் இடது கை. நீலகண்டன் தொலைபேசியில் நன்றி சொன்னார். பிரிவில் இருந்தவர்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பெரிய மனிதர் குறித்த நாளில் வந்தார். சாலையெங்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். சிவநாதன் அதைப் படமெடுக்கக் கருக்களாச்சேரி வளைவில் காத்திருந்தார். வரிசையாகக் கார்கள் வந்தன. நடுவில் வந்த கருப்புக் காரின் பின் இருக்கையில் பெரிய மனிதர் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கார் நிற்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை. அடுத்த நாள் செய்தித்தாளில், சிலைகளைக் கண்டு அவர் வியந்ததாக வந்தது.

சிவநாதன் மட்டும் வளைவில் நின்றார். கூட்டம் கலைந்தபின், செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், இறாலை அண்ணாந்து பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். மனைவி சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. மீசை கரும்பு நட்ட மாதிரியேதான் இருந்தது. அவருக்குத் தன் மீசை நினைவு வந்தது என்று பிற்பாடு ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, உளுந்து பிடுங்கிய வயலில் இறங்கி நடுவில் போய் நின்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். தையல்நாயகி பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்ற வந்தவள் பார்த்தாள்.

“அங்க எதுக்கு நிக்கிறீங்க?”

“எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?”

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு வரப்புவரை வந்தாள். எல்லாச் சிலைகளையும் பார்த்தது போலவே அவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அவருக்கு அது கூசியது, ஆனாலும் நின்றார். மீசைக்கு மை அடிக்கிறீர்களே, காதில் இருக்கிற நரைக்கு என்ன செய்வீர்கள் என்றுதான் தொடங்கினாள். சாப்பிடும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு குழம்பா ரசமா என்று தெரியாமல் விழுங்குவதைச் சொன்னாள். தனக்கு முழங்கால் வலி இருப்பது எதிர்வீட்டுக் குஞ்சம்மாவின் ஆட்டுக்குக்கூடத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். பிறகு குரல் மாறியது.

“பிரதீபா ஆறாவது படிக்கறப்ப டெங்கு வந்துச்சு. ஆஸ்பத்திரில வச்சிருந்தோம், பொழைக்குமான்னு தெரியாது. அன்னிக்கி ஒங்க போனு வந்துச்சு. பின்னாடி பாட்டுச் சத்தம் கேக்குது, யாருக்கோ பொறந்தநாளுன்னீங்க. எப்படி இருக்கீங்கன்னீங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு நல்லாருக்கோம்னு சொன்னேன். ஒங்க அம்மாவுக்குப் புண்ணுல புழு வச்சிருந்துச்சு, நான்தான் எடுத்தேன். அவங்க செத்து, தூக்கி முடிஞ்சி நீங்க வந்தீங்க. எல்லாம் நல்லபடியா நடந்துச்சான்னு கேட்டீங்க. என்னத்த நல்லபடியா? என்னத்தங்க நல்லபடியா?”

“நீ சொல்லிருக்கலாம்ல, தையலு?”

“சொல்லிருந்தா வந்துருப்பீங்களா?”

சிவநாதன் தரையைப் பார்த்தார். வந்திருப்பேன் என்று சொல்வது எளிது. “தெரியல,” என்றார்.

அந்தத் ‘தெரியல’வைக் கேட்டதும் அவள் வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவர் பக்கத்தில் வர ஓர் அடி எடுத்து வைத்தார். “அங்கயே நில்லுங்க, இன்னும் முடியல,” என்றாள். அவர் நின்றார். சோறு அடிப்பிடித்த வாசனை வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று இருவரும் கருகிய சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். சோறு கருகியிருக்கிறது என்று அவர் சொன்னார். ஆமாம், உங்களால்தான் என்று அவள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கேயாவது போகலாமா என்று கேட்டதற்கு, கருக்களாச்சேரிக்கு ஓட்டுங்கள் என்றாள். வளைவில் இறங்கி, படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை விலகச் சொல்லிவிட்டு, இறாலின் எதிரில் நின்றாள். “நல்லாருக்கன்னு சொன்னது பொய்யி. அந்த ஆளு வேலைக்காகச் சொன்னது. நீ நல்லால்ல. ஆனா நல்லா ஆயிடுவ, கொஞ்சம் கொஞ்சமா,” என்றாள். பாலத்திலும் முச்சந்தியிலும் அதையே சொன்னாள். கடற்கரைக்குப் போக நேரமில்லாமல் டால்பினை விட்டுவிட்டாள். ஆகவே அது இன்றைக்கும் கண்ணிமை முடியோடு அங்கேயே இருக்கிறது, மக்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவை அந்த வாரத்துக்குள் வந்து சேர்ந்தன. பிரிவிலிருந்து யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர் வந்து போய்விட்டதால் சிலைகள் எங்கே நின்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். காலிப் பீடங்களை வெள்ளையடித்துப் பராமரிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அவற்றுக்கும் முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். நீலகண்டன் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வந்து, வயலில் கொஞ்ச நேரம் நின்று, தான் கையெழுத்திட்ட மற்ற கோப்புகளைப் பற்றித் தையல்நாயகியிடம் கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

ஆடியில் ஒருவழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. சிலைகளைச் சுற்றி உழுது குறுவை நட்டார்கள். இறாலின் நிழல் விழுகிற இடத்தில் நாற்று கொஞ்சம் மெலிவு, மற்றபடி குறையில்லை. மினி பஸ் நடத்துனர் அந்த நிறுத்தத்தை எறாக்கொல்லை என்று கூவுகிறார், யாரும் சிரிப்பதில்லை. நடவு முடிந்த மறுநாள் சிவநாதன் மண்வெட்டியோடு வரப்பைச் சீராக்க இறங்கினார். கப்பலுக்குத் தகடு ஒட்டிப் பழகிய கை, மண்ணுக்கு வளையவில்லை. தையல்நாயகி இறாலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“கோணலா போவுது பாருங்க.”

அவர் ஒரு சாண் வெட்டி எடுத்துத் திருத்தினார். நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பவும் கோணல்தான்,” என்றாள்.

சரி என்று அவர் மறுபடி குனிந்தார்.